வடக்கு வாசல் அருகில்

"நான் கடையை மாத்திட்டேனாம். எனக்கே இப்பதான் தெரியும்."

மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் பட்டன் அக்கா இதைச் சொல்லிவிட்டு, ஒரு காகிதத்தை அண்ணியின் மேஜைமேல் பொத்தென்று வைத்தார். நான் அப்போதுதான் டிபன் டப்பாவின் மூடியைத் திறந்திருந்தேன். மணி இரண்டு நாற்பது. அடுத்து அதை எப்போது திறக்கப்போகிறேன் என்று தெரிந்திருந்தால் நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டிருப்பேன்.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. பெரிய ஜவுளிக் கடை ஒன்றில் பன்னிரண்டு வருஷம் திருடர்களைப் பிடித்துக் கொடுத்து அலுத்துப்போய், கடைவீதியில் இந்த மாடியைப் பிடித்து 'துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டியவர். உதவிக்கு ஆள் தேடியபோது வீட்டில் சும்மா இருந்தவன் நான் ஒருவன்தான். நான் 'அண்ணி' என்று கூப்பிடப்போய், வீதியே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. ஒரே பெண்மணிக்கு நூற்றிருபது கொழுந்தன்கள்.

பட்டன் அக்காவின் கடை எங்கள் காலடியிலேயே, கீழ்த்தளத்தில். பட்டன், ஜிப், கொக்கி, எலாஸ்டிக், நூல்கண்டு. பத்தொன்பது வருஷமாக ஊரின் தையல்காரர்கள் எல்லாம் அவரிடம்தான் வருவார்கள். வந்துகொண்டிருந்தார்கள் என்று சொல்ல வேண்டும்.

அண்ணி காகிதத்தைப் படித்தார். நான் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தேன். பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது.

'எங்கள் கடை புதிய மாலுக்கு மாற்றப்பட்டுள்ளது. இடம்: வடக்கு வாசல் அருகில். வாடிக்கையாளர்கள் அங்கே வரவும்.'

"எங்க இருந்துச்சு இது?" என்றார் அண்ணி.

"என் கடை ஷட்டர்ல. ஒன்றரைக்குச் சாத்திட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். எப்பவும் நாலு மணிக்குத்தான் வருவேன். இன்னிக்கு வீட்டுல வச்சுப் படிச்சுப் பார்க்க நெனச்ச கடைப் பத்திரத்தை மேஜைக்குள்ளயே மறந்துட்டேன்னு பாதியில ஓடி வந்தேன். வந்து பார்த்தா இது சிரிக்குது."

"பத்திரம் எதுக்கு?"

அக்கா முந்தானையை முறுக்கினார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"அஞ்சு மணிக்குக் கட்டடக்காரர் வர்றார். சாவியக் குடுத்துட்டுக் கையெழுத்துப் போடப்போறேன். அவருக்கு குடோனுக்கு இடம் வேணுமாம். நானும் எத்தனை நாள்தான் ஈ ஓட்டறது? மூணு மாசமா ஒரு ஈ காக்கா இல்ல. எங்க அண்ணன் வீட்டுல போய் ஒண்டிக்க வேண்டியதுதான். அங்க ஒரு மூலை குடுக்கறேன்னு சொல்லியிருக்கார். மூலைன்னுதான் சொன்னார், ரூம்னு சொல்லல."

நான் டிபன் டப்பாவைத் தள்ளி வைத்தேன்.

"இதுல துப்பறிய என்ன இருக்கு?" என்று நான் குதித்தேன். "எட்டு கிலோமீட்டர் தள்ளி ஏசியில உக்காந்திருக்கான் குற்றவாளி. மால்காரன்! மால் திறந்ததிலேர்ந்து நம்ம வீதியில இருபத்திரண்டு ஷட்டர் இறங்கிப்போச்சு. மிச்சத்தையும் இறக்கப் பார்க்கிறான்."

"கொழுந்தனாரே, கொஞ்சம் உக்காருங்க," என்றார் அண்ணி. என்மேல் எரிச்சல் வரும்போதுதான் அவர் எனக்கு மரியாதை தருவார். "இந்த டேப்பைப் பாரு. நாலு மூலையிலயும் நுனியை மடக்கி விட்டிருக்கான். எதுக்கு?"

"நகத்தால சுரண்டாம சட்டுனு உரிக்க."

"அப்போ ஒட்டினவனே வந்து உரிக்கிறான். காகிதத்துல பழைய டேப் தழும்பு ஏழெட்டு இருக்கு. கடைப் பேரும் போடல, வெறும் 'எங்கள் கடை'. ஒரே காகிதத்தை ஊர்க் கடைக்கெல்லாம் ஒட்டலாம். அக்கா, நீங்க நாலு மணிக்கு வர்றதுக்கு முன்னாடி இது தினமும் காணாமப் போயிருக்கும். மூணு மாசமா ஒட்டியிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது."

அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அஞ்சு மணி வரைக்கும் கையெழுத்துப் போடாதீங்க," என்று அண்ணி எழுந்தார். "தம்பி, கிளம்பு."

"டிபன்?"

"அது எங்கேயும் ஓடாது."

கீழே இறங்கினால் வீதி வெறிச்சோடிக் கிடந்தது. மதியம் ஒன்றரையிலிருந்து நாலு வரை எங்கள் கடைவீதி தூங்கும். கடைக்காரர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கம் போட்டுத்தான் வருவார்கள். அப்பா காலத்துப் பழக்கம், மாற்றிக்கொள்ள யாருக்கும் தோன்றியதில்லை. இந்த வீதியில் அந்த நேரத்தில் ஆள் நடமாட்டம் என்றால் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மட்டும்தான். வீட்டில் மருமகளோடு பேச்சுவார்த்தை இல்லாததால் கடையிலேயே சாப்பிடுவார்.

அவரிடம் அண்ணி காகிதத்தை நீட்டினார். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"அடப்பாவி! போன வாரம் குடைக்கடைக்காரர்கிட்ட 'என்ன, மாலுக்குப் போறீங்களாமே'ன்னு கேட்டேன். என் வாடிக்கைக்காரர் ஒருத்தர் சொன்னார்னு கேட்டேன். 'என் கடையை மூடிப் பார்க்க உனக்கு அவ்வளவு ஆசையா'ன்னு அடிக்காத குறை. இன்னிக்கு வரைக்கும் முகத்தைத் திருப்பிக்கிட்டுத்தான் போறார்."

"உங்க கடையில இதை யாராவது ஒட்டியிருக்காங்களா?"

"நான்தான் உள்ளேயே உக்காந்திருக்கேனே!"

அண்ணி தலையை ஆட்டினார். யார் கடையில் ஆள் இருக்கும், யார் கடையில் இருக்காது என்று ஒட்டுகிறவனுக்கு அத்துப்படி என்று அர்த்தம். எனக்கு அது அப்போது ஏறவில்லை. மால் மேலாளரின் சட்டைக் காலரை எந்தப் பக்கம் பிடிப்பது என்ற யோசனையில் இருந்தேன்.

வீதி முனையில் விசிலின் ஆட்டோ நின்றது. வண்டி ஓட்டும்போது ஓயாமல் விசிலடிப்பான், அதனால் அந்தப் பேர். ஆனால் அவன் வண்டியில் இல்லை. பட்டன் அக்கா கடை ஷட்டருக்கு முன்னால் நின்று, எதையோ தொலைத்தவன்போல் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தான்.

"அண்ணி! சவாரியா? அக்கா இன்னிக்குச் சீக்கிரமே வந்துட்டாங்களோ?"

"வந்துட்டாங்க. மாலுக்குப் போகணும்."

"வடக்கு வாசல்தானே? ஏறுங்க."

வண்டி பறந்தது. ஊரைத் தாண்டியதும் ரெண்டு பக்கமும் வெற்று நிலம், விளம்பரப் பலகைகள். ஒவ்வொரு பலகையிலும் ஒரு குடும்பம் பைகளைத் தூக்கிக்கொண்டு பல்லைக் காட்டியது. எனக்கு அந்தப் பற்கள்மேல் கல்லெறிய வேண்டும்போல் இருந்தது. அண்ணி கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"மால்ல வாங்கறதுண்டா நீ?" என்று அவனிடம் கேட்டார்.

"எங்கண்ணி! நான் உள்ள கால் வச்சதே இல்ல. முன்பக்கம் ஆட்டோவை நிறுத்தக்கூட விடமாட்டான். காரு மட்டும்தான். நாங்க எல்லாம் பின்னாடி சுத்தி வடக்கு வாசல்ல இறக்கிவிட்டுட்டு வந்துடணும். உள்ள நமக்கென்ன வேலை?"

அவன் மறுபடி விசிலை ஆரம்பித்தான். மூன்று இருபதுக்கு எங்களை இறக்கிவிட்டு, "வெயிட்டிங்ல இருக்கேன்," என்றான்.

உள்ளே குளிர் எலும்பைத் தொட்டது. விசாரணை மேஜையில் ஒரு பெண், ஒரே நாளில் ஒரு மாதம் வேலை பார்த்தவள்போல உட்கார்ந்திருந்தாள்.

"பட்டன் கடை எங்கம்மா இருக்கு?" என்று அண்ணி சாதாரணமாகக் கேட்டார்.

அந்தப் பெண் பேனாவை மேஜைமேல் எறிந்தாள்.

"நீங்களுமா? மேடம், இங்க பட்டன் கடையே கிடையாது. குடைக் கடை கிடையாது. ஸ்டவ் ரிப்பேர் கிடையாது. தினமும் ரெண்டு மணிக்கு மேல வந்து என் உயிரை வாங்கறாங்க. இல்லன்னு சொன்னா நான் பொய் சொல்றேன்னு சண்டை வேற. ஒரு மணி நேரம் முன்னாடி அக்கா தங்கச்சி ரெண்டு பேர் வந்தாங்க. 'நீ சும்மா இரு, நாங்களே தேடிக்கிறோம்'னு மாடி மாடியா ஏறிப் போயிருக்காங்க."

என் முகம் கொஞ்சம் தொங்கியது. ஆனாலும் விடவில்லை. மேலாளர் அறைக்குப் போய், கதவைத் தட்டாமலே நுழைந்து, நோட்டீஸை அவர் மூக்குக்கு நேரே ஆட்டினேன். மால் மேலாளர் டை கட்டிய ஒல்லியான மனிதர். படித்துவிட்டுச் சிரித்தே விட்டார்.

"சார், உங்க கடைவீதியைக் காலி பண்ண நான் திருட்டுத்தனமா நோட்டீஸ் ஒட்டணுமா? ஆயிரம் காருக்கு இலவசமா இடம் வச்சிருக்கேன். அது போதாதா?"

நான் நோட்டீஸை மெல்ல இறக்கினேன். அவரே தொடர்ந்தார்.

"இதனால எனக்குத்தான் கெட்ட பேர். இல்லாத கடையைத் தேடி வர்றவங்க எரிச்சலோட திரும்பிப் போறாங்க, ஒரு கர்ச்சீப் கூட வாங்கறதில்ல. நீங்க மூணாவது மாடியைப் பார்த்தீங்களா? பாதிக் கடைக்கு 'விரைவில்'னு படுதா கட்டி மறைச்சிருக்கேன். அங்க வர்றதுக்கு ஆளே இல்ல. நான் யாரைப் போய்க் கெடுக்கறது?"

"வடக்கு வாசல் பக்கம் என்னென்ன கடை இருக்கு?" என்றார் அண்ணி.

"வடக்கு வாசலா? அப்படி ஒண்ணும் இல்லையே." அவர் சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார். "ஓ, கேட் நாலைச் சொல்றீங்களா? அது சரக்கு இறங்கற பக்கம். கடையே கிடையாது. எங்க ஆளுங்க அதை வடக்கு வாசல்னு சொல்ல மாட்டாங்க. எங்க கடைக்கு விலாசம்னா மாடி, நம்பர். அவ்வளவுதான்."

அண்ணி எழுந்து நன்றி சொன்னார். வெளியே வந்ததும் வேகமாக நடக்க ஆரம்பித்தார். நான் பின்னால் ஓடினேன்.

"யாருக்கு லாபம்னுதானே கேக்கணும்?" என்றார் நடந்துகொண்டே. "வீதியில இருக்கறவங்களுக்கு நஷ்டம். மால்ல இருக்கறவங்களுக்குத் தலைவலி. மிச்சம் என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லையே அண்ணி."

"எட்டு கிலோமீட்டர் இருக்கே!"

நான் நடுக்கூடத்தில் நின்றுவிட்டேன்.

"ஊர்க்காரன் கார்ல வந்தா, முன் வாசல்ல நுழைஞ்சு ரெண்டாவது மாடி, மூணாவது கடைன்னு சொல்வான். வாசலை வச்சு விலாசம் சொல்றவன் யாரு? உள்ள கால் வைக்காதவன். வண்டியை நிறுத்தற இடம்தான் அவனுக்கு விலாசம்."

வடக்கு வாசலில் ஏழெட்டு ஆட்டோக்கள் நின்றன. விசில் தன் வண்டியில் சாய்ந்து வானத்தைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தான். அண்ணி நொண்டி நொண்டி அவனிடம் போனார். அதுவரை நொண்டாதவர்.

"செருப்பு வார் பிய்ஞ்சு போச்சுப்பா. ஒட்ட ஏதாவது டேப் கீப் இருக்கா?"

"இருக்கே!" என்று சீட்டைத் தூக்கினான். ஒரு டேப் உருளையை எடுத்து, நுனியைப் பிடித்து இழுத்து, பல்லால் கடித்தான். பிறகு, அனிச்சையாக, வெட்டின முனையைக் கட்டைவிரலால் அழகாக மடக்கி அண்ணியிடம் நீட்டினான்.

அண்ணி வாங்கவில்லை. நோட்டீஸை எடுத்து அவன் கையிலிருந்த டேப்புக்குப் பக்கத்தில் பிடித்தார். ஒரே அகலம், ஒரே மடிப்பு. குவித்த வாயோடு விசில் அப்படியே நின்றான்.

நான் சீட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். அதே நோட்டீஸ் இன்னும் நாலைந்து கிடந்தது.

"நாசமாப் போறவனே!" என்று அவன் சட்டையைப் பிடித்தேன். மதியத்திலிருந்து யார் சட்டையையாவது பிடிக்க வேண்டும் என்று கை துறுதுறுத்துக்கொண்டிருந்தது.

"விடு தம்பி," என்றார் அண்ணி. "ஏன்டா?"

அவன் கண் கலங்கிவிட்டது.

"என்னை என்ன பண்ணச் சொல்றீங்க அண்ணி? பதினஞ்சு வருஷமா அந்த வீதி முனைதான் எனக்கு. மால் வந்துச்சு, காரு வச்சிருக்கறவன் கார்ல போறான். இல்லாதவனுக்குக் காலையும் சாயங்காலமும் மால்காரனே இலவச வேன் விடறான். மதியம் மட்டும்தான் வேன் இல்ல. அந்த நேரத்துலதான் நம்ம வீதிக்கு ஆள் வருது. ஆபீஸ் இடைவேளையில வருவாங்க, புள்ளைங்களை ஸ்கூல்லேர்ந்து கூப்பிட வர்ற அம்மாங்க வருவாங்க. வந்து பார்த்தா எல்லா ஷட்டரும் சாத்தியிருக்கும். திட்டிட்டுத் திரும்பிப் போவாங்க. போறவங்க எப்படியும் போறாங்க, என் வண்டியில ஏறிப் போகட்டுமேன்னு..."

"நுனிக்கிளையில உக்காந்து அடிக்கிளையை வெட்டியிருக்கே," என்றார் அண்ணி. "வீதி செத்துட்டா உனக்கு ஏது முனை?"

அவன் மூக்கை உறிஞ்சினான்.

"பட்டன் அக்கா கடைக்கு எத்தனை பேர் வருவாங்க மதியத்துல?"

"அங்கதான் அண்ணி ஜாஸ்தி. ஏழு பேர், எட்டுப் பேர். சில நாள் பத்து. அதனாலதான் அந்தக் கடையை விடாம ஒட்டினேன். இன்னிக்கு ரெண்டேகாலுக்குக்கூட அக்கா தங்கச்சி ரெண்டு பேரைக் கொண்டாந்து விட்டேன்."

அண்ணிக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் பொறி தட்டியது. நாலு மணி ஐந்து நிமிஷம். அண்ணி நொண்டுவதை மறந்துவிட்டு உள்ளே ஓடினார்.

மூன்றாவது மாடியில், 'விரைவில்' படுதாவுக்கு முன்னால் இருந்த பெஞ்சில், இரண்டு பெண்கள் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டுக் கால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அக்காக்காரி தையல்காரி. ஒரு பள்ளிக்கூடத்து பேண்டு குழுவுக்கு யூனிஃபார்ம் தைக்கிறாளாம். மாதிரிக்கு ஒரு பித்தளை பட்டனைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தாள்.

"பட்டன் கடை மாறவே இல்லம்மா," என்றார் அண்ணி. "வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன். ஆட்டோ இலவசம்."

"மறுபடியுமா?" என்று தங்கச்சி அழுகிற குரலில் கேட்டாள்.

திரும்பி வந்த பயணத்தை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். பின்சீட்டில் மூன்று பெண்கள். நான் முன்னால், விசிலின் சீட்டு ஓரத்தில் பாதி உடம்பும் காற்றில் பாதி உடம்புமாகத் தொங்கினேன். பாதி வழியில் ஒரு லாரி குறுக்கே மடங்கி நின்று இருபது நிமிஷத்தைத் தின்றுவிட்டது. "மண்ணுல இறக்குடா," என்று அண்ணி கத்தினார். அவன் மண்ணில் இறக்கினான். நான் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவன் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை.

ஐந்து அடிக்க நாலு நிமிஷம் இருந்தது. பட்டன் அக்கா கடையில் கட்டடக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் சாவிக்கொத்து, அதன் பக்கத்தில் பத்திரம். அக்கா பேனாவைத் திறந்துவிட்டார்.

"என்னம்மா இது அநியாயம்!" என்று தையல்காரி கடைக்குள் புயலாக நுழைந்தாள். "கடையை இங்க வச்சுக்கிட்டு அங்க போகச் சொல்லி எழுதி ஒட்டறீங்க? ஆறு மாடி ஏறி இறங்கினேன்!"

"மூணு மாடிதான்க்கா," என்றாள் தங்கச்சி.

"ஏற மூணு, இறங்க மூணு! இந்தப் பட்டன் மாதிரியே நாப்பத்தெட்டு வேணும். இருக்கா இல்லையா?"

அக்கா அந்தப் பித்தளை பட்டனை வாங்கிப் பார்த்தார். பேனா கையிலேயே இருந்தது. அண்ணி விசிலைக் கழுத்தில் கை வைத்து முன்னால் தள்ளினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். ஒட்டினது, உரித்தது, ஏற்றிக்கொண்டு போனது, எல்லாம்.

நான் எதிர்பார்த்தது ஒரு அறை. அக்கா அவனை அறையவில்லை.

"தினமும் ஏழெட்டுப் பேரா?"

"ஆமாக்கா."

"மூணு மாசமாவா?"

"ஆமாக்கா."

"யாருமே வரலைன்னு நெனச்சேன்டா," என்றார் அக்கா. குரல் உடைந்துவிட்டது. "என்னை எல்லாரும் மறந்துட்டாங்கன்னு நெனச்சேன். ராத்திரியெல்லாம் அதையே நெனச்சுக்கிட்டுக் கிடந்தேன்."

"வந்துட்டேதான் இருந்தாங்கக்கா," என்றான் விசில். "நீங்கதான் இல்ல."

கட்டடக்காரர் கனைத்தார். "அப்ப கையெழுத்து?"

அக்கா பேனாவை மூடி அவர் சட்டைப்பையிலேயே சொருகினார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறி, மேல்தட்டிலிருந்து ஒரு தகர டப்பாவை இறக்கினார். மூடியைத் திறந்தபோது உள்ளே பித்தளை பட்டன்கள் விளிம்புவரை இருந்தன. தையல்காரி "அப்பாடா" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நாளையிலேர்ந்து மதியம் கடை சாத்தறதில்ல," என்றார் அக்கா பட்டன்களை எண்ணிக்கொண்டே.

"அப்ப சாப்பாடு?" என்றேன் நான். எனக்கு எப்போதும் அந்தக் கவலைதான்.

அக்கா எண்ணுவதை நிறுத்தாமல் விசிலைப் பார்த்தார். "ஒன்றரைக்கு என் வீட்டுக்குப் போய் கேரியரை எடுத்துட்டு வந்து இங்க வைக்கிற. ஒரு நாள் தவறக்கூடாது. சும்மா."

"சரிக்கா."

"என் ஒருத்திக்கு மட்டும் இல்ல. குடைக்கடைக்காரருக்கு, ஸ்டவ்காரருக்கு, எல்லாருக்கும் நான் சொல்றேன். அவங்க வீட்டுலேர்ந்தும் நீதான். அவங்க உனக்குக் கூலி தரட்டும். நான் தரமாட்டேன்."

விசில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கட்டடக்காரர் பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே எதையோ முணுமுணுத்தார். அக்கா நாற்பத்தெட்டாவது பட்டனைப் பொட்டலத்தில் போட்டு மடித்து நீட்டினார்.

நான் மாடிக்கு ஓடினேன். மேஜையில் டிபன் டப்பா பளபளவென்று காலியாக இருந்தது. பக்கத்தில் ஒரு காகிதத் துண்டு: 'தம்பி, நீங்க போனதும் படபடப்புல என்ன பண்றதுன்னே தெரியல. சாப்பிட்டுட்டேன். மன்னிச்சுக்கோ. பட்டன் அக்கா.'